தொண்ணூற்றாறும் எண்பத்தெட்டும்

ட்ரம்லீ, லீட்ரிம்
4 மார்ச் 2001

மலக்கிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. சாவதற்கு இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு ஆள் மிச்சமில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து உன் அக்கா எழுதுகிறேன், ஒரே ஒரு விஷயம் கேட்பதற்காக.

இரண்டு மூன்று வருஷமாகவே உடம்பில் தெம்பு இல்லை. மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். விரல் முட்டிகள் வேறு மடங்க மாட்டேன் என்கின்றன. ஐம்பத்துமூன்று வயதில் இதெல்லாம் சகஜம் என்று விட்டிருப்பேன். பக்கத்துப் பண்ணை அட்ராக்டாதான் தரதரவென்று இழுத்துப்போய் டாக்டர் லவெல்லின் முன்னால் உட்காரவைத்தாள். பழைய டாக்டர் கில்ஹூலி செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் இடத்தில் இவர். ரத்தம் எடுத்தார். கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றனவாம். நாற்பதுக்குள் இருக்கவேண்டியது எண்பத்தெட்டு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்துப்பீங்க?" என்று கேட்டார்.

"எதை?"

"குடியைத்தான் கேக்கறேன்."

கோட்டில் குத்தியிருந்த சின்னத்தைக் காட்டினேன். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் எழுந்து நின்று, ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து அது என் மேல்தான் இருக்கிறது. மதுவிலக்குச் சங்கத்தின் கிளைச் செயலாளராகவே இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மனிதர் சின்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். "சரி, சரி. நாலு சுவத்த தாண்டி வெளிய போகாது. உண்மைய சொன்னாதான் நான் வைத்தியம் பண்ண முடியும்" என்றார்.

வீட்டில் யாருக்காவது கல்லீரல் கோளாறு உண்டா என்றும் கேட்டார். அப்பா ஐம்பத்தாறு வயதில் குடித்துச் செத்தார் என்றேன். தம்பிக்கும் ஒருதடவை இந்த மாதிரி வந்தது என்றேன். எவ்வளவு வந்தது என்றார். எனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். 1989இல் உனக்கு வந்த அந்தத் தாளில் என்ன எண் இருந்தது, வேறு என்னவெல்லாம் எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தாள் உன்னிடம் இருந்தால் நகல் அனுப்பு.

மற்றபடி, மாட்டுக் கோமாரி எல்லையைத் தாண்டி வந்துவிடும் என்று ஊரே பயந்துகிடக்கிறது. வாசலில் மருந்து ஊற்றிய வைக்கோலில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். இங்கிலாந்தில் இருப்பவர்கள் தயவுசெய்து ஊருக்கு வராதீர்கள் என்று வானொலியில் கெஞ்சுகிறார்கள். உனக்கு அந்தச் சிரமம் இல்லை.

டிம்ப்னா


கவன்ட்ரி
19 மார்ச் 2001

மதிப்பிற்குரிய கிளைச் செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷமாக நான் உயிரோடு இருக்கிறேனா, சாப்பிடுகிறேனா என்று விசாரிக்காதவர், என் கல்லீரலை மட்டும் விசாரித்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி.

எண் தொண்ணூற்றாறு. என் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன்.

தாள் என்னிடம் இல்லை. இருந்ததே இல்லை. என் பெயருக்கு வந்த உறையை நீங்கள் கெட்டில் ஆவியில் பிரித்தீர்கள். அடுப்படியில் நின்று தாளை என் மூக்குக்கு நேராக ஆட்டினீர்கள். அந்த ஆட்டத்தில் என் கண்ணில் பட்டது இரண்டே விஷயம்: அந்த எண், அதன் கீழே "குடியாக இருக்கலாம்" என்று கில்ஹூலி கிறுக்கியிருந்தது. அப்புறம் தாள் உங்கள் ஏப்ரன் பைக்குள் போனது. அங்கேயே தேடிப்பாருங்கள்.

நான் சொன்னது ஒரே வார்த்தை. இல்லை என்றேன். அப்போது என் கோட்டிலும் உங்களுடையதைப்போலவே சின்னம் இருந்தது. அதைத்தான் நீங்கள் பெரிய குற்றமாக்கினீர்கள். குடிகாரனைக்கூட மன்னிக்கலாம், சின்னத்தைக் குத்திக்கொண்டு மறைவில் குடிப்பவனை மன்னிக்க முடியாது என்றீர்கள். அன்று சாயங்காலமே ரோஷீன் வீட்டுக்கு நடந்து போனீர்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அம்மா பட்ட பாட்டை நீயும் படாதே என்று அவளிடம் சொன்னீர்களாம். மறுநாள் சங்கப் பதிவேட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தீர்கள். மூன்றாம் நாள் நான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினேன்.

இப்போது ஒரு டாக்டர் உங்களைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறார். வலிக்கிறதாக்கும்? என்னைப் பார்த்து ஊரே சிரித்தது.

மாடுகள் நலமாக இருக்கட்டும். அவற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மலக்கி


ட்ரம்லீ
10 ஏப்ரல் 2001

மலக்கிக்கு,

என்னை நீங்கள் என்று எழுதாதே. அடித்தாலும் பரவாயில்லை, அது வேண்டாம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதும் நிலையில் நான் இல்லை. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப்போடுவதானாலும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி.

எனக்கு வந்திருப்பது குடியால் வந்ததில்லை, இரும்பால் வந்தது. லவெல் என்னை நம்பாவிட்டாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார். இன்னும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஃபெரிட்டின் என்று ஒன்று இருக்கிறது, உடம்பு எவ்வளவு இரும்பைச் சேர்த்துவைத்திருக்கிறது என்று காட்டுவது. இருநூறுக்குள் இருக்கவேண்டும். எனக்கு ஆயிரத்து நானூறு. பிறவியிலேயே வருவதாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்பில் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடத் தெரியாத உடம்பு. எல்லாவற்றையும் பிடித்துக் கல்லீரலில் அடைக்கிறது, முட்டிகளில் அடைக்கிறது, இதயத்தில்கூட அடைக்கிறது. உலகத்திலேயே நம் நாட்டு ஆட்களிடம்தான் இது அதிகம் என்கிறார்கள். நமக்கென்று ஏதாவது ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

இந்த நொதி எண் என்பது வாசலில் நாய் குரைக்கிற மாதிரி என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். யார் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாம் போய்ப் பார்க்கவே இல்லை, மலக்கி. நாய் குரைத்தது, குடிதான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம்.

அப்பாவின் முகம் ஞாபகமிருக்கிறதா? பனிக்காலத்திலும் வெயிலில் காய்ந்தவர்போல ஒரு பழுப்பு. சந்தை சந்தையாக அலைகிறவர், அதனால்தான் என்போம். கடைசியில் சர்க்கரை வந்தது, இதயம் வீங்கியது. வாரத்துக்கு இரண்டு நாள் குடித்தார், அவ்வளவுதான். ஊரில் அவரைவிட மொடாக்குடியர்கள் எண்பது வயதுவரை இருந்தார்கள். நாம் அதை யோசித்ததே இல்லை.

கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒன்று வாய்ப்பு, அப்பாவுக்கும் இருந்திருந்தால் இரண்டில் ஒன்று என்றார்கள். உனக்கு முப்பத்தொரு வயதிலேயே எண் ஏறியிருக்கிறது. எனக்கு இத்தனை வருஷம் தள்ளிப்போனதற்குக் காரணம், பெண்களுக்கு மாதாமாதம் ரத்தம் போவதால் இரும்பும் கூடவே போய்விடுகிறதாம். தம்பிக்கு எழுதுகிற விஷயமா இது என்று கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு அப்படிப் போக வழியில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

வைத்தியம் என்னவென்றால் சிரிப்பாய். வாராவாரம் அரை லிட்டர் ரத்தத்தைக் குழாய் வைத்து இறக்கி, குப்பையில் கொட்டுகிறார்கள். புது ரத்தம் ஊற உடம்பு இரும்பைச் செலவழிக்கும், அதுதான் கணக்காம். மூன்று வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து எழுந்தால் கால் இரண்டும் யாருடையதோபோல இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சோர்வாக இருக்கிறதே என்று மூன்று வருஷமாக நான் இரும்பு டானிக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் வருவதற்கு முன்னால், நீ சோர்வாக இருக்கிறது என்று சொன்ன குளிர்காலம் முழுவதும் உனக்கும் காலையும் மாலையும் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். வியாழக்கிழமை தவறாமல் ஈரல் வறுவல் வேறு. நீ முகத்தைச் சுளித்தால், குடி, உடம்புக்கு நல்லது என்று அதட்டுவேன்.

நான் செய்தது தவறு. போய் ரத்தம் கொடு. ஃபெரிட்டின் பார்க்கச் சொல் என்று டாக்டரிடம் கேள். மறந்துபோனால் இந்தக் கடிதத்தையே நீட்டு.

அந்தத் தாளைத் தேடிப்பார்க்கிறேன்.

டிம்ப்னா


கவன்ட்ரி
1 மே 2001

டிம்ப்னாவுக்கு,

சரி, நீ.

படித்தேன். மூன்றுதடவை படித்தேன். இரும்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மாதாமாதம் போகிற ரத்தத்தைப் பற்றி ஒரு பத்தி, என்னைப் பற்றி "நான் செய்தது தவறு" என்று மூன்று வார்த்தை. டானிக் கொடுத்தது தவறா, உறையைப் பிரித்தது தவறா, எது? ஒரு வாக்கியம் அதில் இல்லை. என்ன வாக்கியம் என்று உனக்கே தெரியும்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேள். இங்கே வந்த முதல் வருஷம் பன்றித்தொழுவம் மாதிரி ஒரு அறையில் நாலு பேரோடு படுத்திருந்தேன். வேலை முடிந்ததும் அவர்கள் குடிக்கப் போவார்கள், நான் போகமாட்டேன். ஊரிலிருந்து வந்த ஒருவன் கதையைச் சொல்லிவிட்டான். "எங்ககிட்ட எதுக்குடா நாடகம்? உங்க அக்காவே சொல்லியாச்சு, வா" என்றார்கள். ஒருநாள் போனேன். முப்பத்திரண்டு வயதில் முதல் வாய். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று ராத்திரி யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்ன பொய்யை நான்தான் மெனக்கெட்டு உண்மையாக்கினேன்.

இப்போது ஒரு நாளைக்கு நாலு பைன்ட் பீர். சனிக்கிழமை எண்ணுவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஜன்னல் கொக்கி, கொதிகலன், அடைத்துக்கொண்ட கழிப்பறை, எல்லாம் நான்தான். சுத்தியலைப் பிடித்தால் சுட்டுவிரலும் நடுவிரலும் மூடவில்லை. மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறேன். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்து "லீவுக்கு ஸ்பெயின் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

ஆக, எனக்கும் இருக்கிறது. ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இந்தத்தடவை குடி என்று எழுதினால் அது நியாயமாகவே இருக்கும். அந்தச் சிரிப்பை இன்னொருதடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உனக்கு நான் ஊசி போட்டுக்கொண்டே ஆகவேண்டும் என்றால் ஒன்று செய். அன்றைக்கு ரோஷீன் வீட்டுக்கு நடந்து போனாய் அல்லவா? அதே வழியில் இன்னொருதடவை நட. போய் அவளிடம் சொல். அப்புறம் பார்க்கலாம்.

மலக்கி


ட்ரம்லீ
22 மே 2001

மலக்கிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது ரோஷீன் அந்த வீட்டில் இல்லை. மருந்துக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள். ஊர்த் தபாலாபீஸில் உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு நான் அனுப்பிய இரண்டு கடிதத்துக்கும் முத்திரை குத்தியவள் அவள்தான். உறையில் உன் பெயரைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று மதியம் சாப்பாட்டு இடைவேளைக்குப் பூட்டப்போகிற சமயம் போனேன். நடந்தேதான் போனேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ரோஷீன், ஒரு விஷயம் சொல்லணும். மலக்கி அன்னிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"குடிக்கல. அதத்தான சொல்ல வந்தீங்க?" என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து கவுன்ட்டருக்கு அந்தப்பக்கமே நின்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவன்கூட ஆடினவ நான். வாய்லேர்ந்து வந்தது டீ வாசனையும் பெப்பர்மின்ட் வாசனையுந்தான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கல்யாணத்த நிறுத்துன?"

"நான் எங்க நிறுத்தினேன்? நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்க. அவன் வந்து 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்வான்னு ரெண்டு வாரம் உக்காந்திருந்தேன். எங்கம்மா திட்டத் திட்ட உக்காந்திருந்தேன். அவன் வரவேயில்ல. மூணாம் நாளே கப்பலேறிட்டான்னு அப்பறம் பால்காரன் சொல்லித்தான் தெரியும். உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அவன்மேல அதவிட ஒரு பங்கு ஜாஸ்தி."

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்புறம் என் விரல்களைப் பார்த்தாள்.

"இந்த இரும்பு வியாதி… அட்ராக்டா சொன்னா. எங்க வீட்டுக்காரர் கடைக்கு வர்றவங்கள்ல நாலஞ்சு பேருக்கு இருக்கு. அவன் டெஸ்ட் எடுத்தானா?"

"மாட்டேங்கறான்."

"எடுக்கச் சொன்னேன்னு எழுதுங்க. இந்தத்தடவையாவது வாயத் தொறந்து பேசச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவள் சொன்ன இரண்டு வார விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு இரவு யோசித்தேன். மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன். உன்னைக் குத்தவேண்டும் என்பதற்காக இல்லை.

நான் நடந்துவிட்டேன். இனி உன் முறை.

டிம்ப்னா


கவன்ட்ரி
20 ஜூன் 2001

டிம்ப்னாவுக்கு,

ரோஷீன் சொன்னதை எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதற்கு நன்றி. இரண்டையும் ஒரே மனதோடுதான் சொல்கிறேன், எப்படி என்று கேட்காதே. இரண்டு வாரம்! அவள் வீட்டு வாசலுக்கு இருபது நிமிஷ நடை. நான் என்ன நினைத்தேன் என்றால், சொந்த அக்காவே நம்பவில்லை, இவள் எங்கே நம்பப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. குரைக்கிற நாயை நானும் போய்ப் பார்க்கவில்லை.

போனேன். டாக்டர் ஒரு வயசான அம்மாள், ஸ்காட்லாந்துக்காரி. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், சனிக்கிழமையையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். உன் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "உங்க அக்கா கெட்டிக்காரி. ரெண்டையும் தேடுவோம். ஒரு காரணம் இருந்தா இன்னொண்ணு இருக்கக்கூடாதுன்னு சட்டமா என்ன?" என்றாள்.

ஃபெரிட்டின் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். என்னை விற்றால் பழைய இரும்புக்கடையில் நல்ல விலை கிடைக்கும். நொதிகள் நூற்றி நாற்பத்திரண்டு. இந்த வியாதிக்கான மரபணுவும் அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. ஸ்கேன் படத்தில் கல்லீரலின் ஓரம் கரடுமுரடாக இருக்கிறதாம். ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு வடு விழுந்திருக்கிறது என்று சொல்லமுடியும். அதற்கு ஆறு வாரம் வரிசையில் நிற்கவேண்டும். அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஒன்பது நாள் ஆயிற்று. கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தாளைத் தேடினாயா?

மலக்கி


ட்ரம்லீ
2 ஜூலை 2001

மலக்கிக்கு,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்ற எண்ணைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வைக்கோல்மேலேயே உட்கார்ந்து அழுதேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

எனக்கு எண்ணூறுக்கு இறங்கியிருக்கிறது. டீ நிறையக் குடி, சாப்பாட்டோடு குடி, இரும்பு உடம்பில் சேருவதைக் கொஞ்சம் தடுக்கும் என்றார்கள். இந்த நாட்டில் டாக்டர் சொல்லி நாம் கேட்கக்கூடிய ஒரே புத்திமதி அதுதான். நீயும் குடி.

கை நடுக்கம் மூன்றாவது வாரம் குறையும். இருபத்தெட்டு வருஷம் சங்கத்தில் இருந்ததற்கு அது மட்டும் தெரியும். தாளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நாளைக்குப் புல் அறுக்கவேண்டும்.

டிம்ப்னா


கவன்ட்ரி
9 ஆகஸ்ட் 2001

டிம்ப்னாவுக்கு,

முடிவு வந்தது. வடு விழுந்து இறுக ஆரம்பித்துவிட்டது. முழுக்க இறுகவில்லை. குடியை விட்டு, இரும்பையும் இறக்கினால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். பல என்றால் எத்தனை என்று கேட்டேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றாள்.

இன்னொன்றும் கேட்டேன். இதில் இரும்பு செய்தது எவ்வளவு, குடி செய்தது எவ்வளவு, பிரித்துச் சொல்லமுடியுமா என்று கேட்டேன். எதற்காக என்றாள். ஒரு பங்கு எங்கள் அக்காவுடையது, ஒரு பங்கு என்னுடையது, தெரிந்துகொண்டால் நல்லது என்றேன். "ரத்தத்துல அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள். 89லேயே யாராவது இரும்பைப் பார்த்து ரத்தத்தை இறக்க ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு என் கல்லீரல் தன்னுடையதைப்போலவே நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். அப்போதே அந்தப் பரிசோதனை உண்டாம். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஐம்பத்தொன்பது நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்துமணிக்கு ரத்தம் இறக்குகிறார்கள். அப்புறம் வந்து படுத்தால் சாயங்காலம்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. கோபத்துக்கும் இரும்பு வேண்டும்போல.

தாளைப் பற்றி மூன்றாவதுதடவையாகக் கேட்கிறேன். நீ ஒரு பொருளைத் தொலைத்து நான் பார்த்ததில்லை.

மலக்கி


ட்ரம்லீ
17 ஆகஸ்ட் 2001

மலக்கிக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சங்கப் பதிவேட்டில், உன் பெயரை அடித்த பக்கத்தில்தான் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. லவெல் உன் எண்ணைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அதை எடுத்தேன். முதல் கடிதத்தை உனக்கு எழுதும்போது அது என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

இப்போது அதைத் திருப்பு.

முன்பக்கம் நீ பார்த்ததுதான். தொண்ணூற்றாறு, குடியாக இருக்கலாம். கீழே மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது, பின்னால் பார் என்று. கில்ஹூலி எப்போதும் தாளை மிச்சம் பிடிக்கிற கஞ்சன். பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படி: "நீங்கள் குடிப்பதில்லை என்று சொல்வதை நான் நம்புகிறேன். அப்படியானால் இரும்பைப் பார்க்கவேண்டும். உங்கள் தந்தையின் நிறம் எனக்கு நினைவிருக்கிறது. இந்த வாரமே வாருங்கள்."

அடுப்படியில் நின்றபோது நான் அதைப் படிக்கவில்லை. சத்தியமாகப் படிக்கவில்லை. குடி என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அதற்குமேல் படிக்கவேண்டியிருக்கவில்லை. அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான், காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. கில்ஹூலி இரண்டுதடவை நீ எங்கே என்று கேட்டார். இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால் இந்த மார்ச்சில் படித்தேன். படித்த பிறகும் அதை உனக்கு ஐந்து மாதமாக எழுதவில்லை. வேறு என்ன எழுதியிருந்தது என்று உன்னைக் கேட்டேனே, அது நீ பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான். பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எப்படிப்பட்ட நிம்மதி என்று பிறகு ஒவ்வொரு வாரமும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

நீ கேட்ட வாக்கியத்தை ரோஷீன் எனக்காகச் சொல்லிவிட்டாள், நான் தப்பித்துக்கொண்டேன். இப்போது நான் எழுதுகிறேன். நீ குடிக்கவில்லை, மலக்கி. நீ சொன்னது நிஜம். நான் சொன்னது பொய். சங்கத்துக் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று இதையே சொன்னேன், பின்பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். பதிவேட்டைக் கொடுத்துவிட்டேன். அட்ராக்டா ஒருத்திதான் வீடுவரை கூடவந்தாள்.

கப்பல் பயணத்துக்கு இப்போது தடை இல்லை. மாடுகளை அட்ராக்டா பார்த்துக்கொள்வாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை கவன்ட்ரியில் இருப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். பையில் டானிக் இல்லை, பயப்படாதே.

டிம்ப்னா


கவன்ட்ரி
21 ஆகஸ்ட் 2001

அக்கா,

தாளைத் திருப்பிப் படித்தேன். சமையல் மேசையில் வைத்திருக்கிறேன். போகவர ஒருதடவை படிக்கிறேன். என்னை நம்பிய ஒரு ஆள் அப்போதே இருந்திருக்கிறார். அவர் செத்தும் போய்விட்டார்.

மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்காதே. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும், என்னிடம் இருப்பதை வாராவாரம் இறக்கிவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பத்துமணிக்கு ஊசி. ஒன்பதரைக்கு வந்துவிடு, இரண்டாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, மெதுவாக ஏறு. முடிந்ததும் டீ கொடுப்பார்கள், கூட இரண்டு பிஸ்கட். உனக்கும் ஒரு கோப்பை சொல்லி வைத்திருக்கிறேன்.

மலக்கி